ஜொக்கி சந்தனத்துக்குக் கார் பழக்கிய கதை

முன்பின் தெரியாத ஒருவர் கையில் நம் உயிரைக் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று அவருக்கே தைரியம் சொல்ல வேண்டிய தொழில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: கார் பழக்குகிற லேனர்ஸ் மாஸ்டர் வேலை. கண்டியில் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். மனைவிக்கோ மச்சானுக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பழக்கக் கூட்டிப்போய், அடுத்த ஞாயிறு வரை வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்களுக்கு என் நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஒரு நாள் பட்டதை நான் தினம் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்போர்ட் மாட்டிய என் காரில் டீச்சர்மார் பழகியிருக்கிறார்கள், பாதர் ஒருவர் பழகியிருக்கிறார், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்க அவசரமாக வந்த மாப்பிள்ளை ஒருவரும் பழகியிருக்கிறார். எல்லாரும் என் பொறுமையைச் சோதித்தவர்கள்தான். ஆனால் கூட்டம் சேர்ந்தால் நான் எடுத்துவிடுவது சந்தனம் ஐயாவின் கதையைத்தான்.

கதவு வைத்த குதிரை

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கந்தோர் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். கையில் ஒரு தலையணை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் விலாசம் தவறி வந்துவிட்டார் போல என்று நினைத்து, "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் ஐயா" என்றேன். அவர் தலையணையை என் மேசையில் வைத்தார். "இது சீட்டுல போட்டு உக்கார்றதுக்கு. எனக்குக் கார் பழகணும்" என்றார். வயது அறுபத்தெட்டு. விண்ணப்ப ஃபோமில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "ஜொக்கின்னு போடுங்க. ரேஸ் குதிரை ஓட்டினவன்" என்றார். நுவரெலியாவில் அந்தக் காலத்தில் பெரிய பெரிய கப் எல்லாம் வாங்கியவராம். உண்மையைச் சொன்னால் நான் நம்பவில்லை. ஃபோமில் 'ஓய்வு' என்று எழுதி வைத்தேன்.

இந்த வயதில் கார் எதற்கு என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் உட்கார்ந்து பதில் சொன்னார். வத்தேகமயில் வீடு. மழையில் படி வழுக்கி அவர் மனைவி லெட்சுமியம்மா விழுந்துவிட்டார். முழங்காலில் முறிவு, கம்பி வைத்து ஒப்பரேஷன். கிழமைக்கு இரண்டு தரம் கண்டிக்கு வந்து பிசியோ செய்யாவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் படி ஏற முடியாது. த்ரீவீலர் குலுக்குகிற குலுக்கில் கண்ணீர் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு வேன்காரரை எத்தனை நாளைக்குக் கெஞ்சுவது. டுபாயில் இருக்கிற மகன் விட்டுப்போன கார் ஒன்று கொட்டிலில் சும்மா நிற்கிறது.

எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதல்லவா. "ஐயா, இந்த வயசுல றோட்டுல கொஞ்சம் பயமா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழும்பி வெளியே நின்ற என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "குதிரையில பதினோரு தடவை விழுந்து எந்திரிச்சவன் தம்பி நான். இதுல கதவு வேற வச்சிருக்கீங்க."

பல்லேகலயில் ஒரு காலை

புதியவர்களை நான் முதலில் பல்லேகல ஸ்டேடியம் பக்கம்தான் கூட்டிப்போவேன். கிரிக்கெட் மெச் இல்லாத நாளில் அந்தப் பக்கம் றோட்டு அகலமாக, அமைதியாக இருக்கும். இடித்தாலும் இடிக்க ஒன்றும் இல்லை.

தலையணையைப் போட்டு உட்கார்ந்தார். கிளச், கியர் எல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கையும் காலும் அவ்வளவு நிதானம். பிரச்சினை கார் ஓடத் தொடங்கிய பிறகுதான். வேகம் கூடக்கூட மனுஷன் சீட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பினார். முதுகு வளைந்து, முகம் ஸ்டியரிங்குக்கு மேலே போய், நாக்கால் 'டக், டக்' என்று சத்தம் வேறு. கார் முன்னால் ஓடுகிறதா இவர் முன்னால் ஓடுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பிரேக், ஐயா, பிரேக்" என்றேன். அவர் உடம்பைப் பின்னால் சாய்த்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். ஒரு மாடு புல்லை மென்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நடு றோட்டில் நின்றது. என் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால் இன்று உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார் நின்றதும் டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். ஸ்டியரிங்கை இழுத்தால் கார் நிற்காது என்று நான் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். "வாயில கடிவாளமும் இல்ல, காதும் இல்ல. அப்ப நான் நிக்கச் சொல்றது இதுக்கு எப்படித் தம்பி வெளங்கும்?"

பின்னால் வருகிறவன்

குனிவதை மூன்று கிழமையில் விட்டுவிட்டார். இழுப்பதையும் விட்டுவிட்டார். கண்ணாடி பார்க்க மட்டும் வைக்க முடியவில்லை.

முன்னால் ஒரு கண்ணாடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. எடுக்க முன்னம் பார், திருப்ப முன்னம் பார், நிறுத்த முன்னம் பார் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னேன். ம்ஹூம். கழுத்து அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்தேன். அதையும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு நாள் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "ஐயா, உங்களுக்குக் கழுத்துல ஏதும் வருத்தமா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். இருபத்தொரு வயதில் ஒரு ஏப்ரல் சீசன். கடைசி வளைவு தாண்டி முன்னால் வந்துவிட்டார், வெற்றிக் கம்பம் கண்ணுக்குத் தெரிகிறது. யார் பின்னால் வருகிறான் என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு திருப்பத்தில் உடம்பு சரிய, குதிரையும் அதே பக்கம் சரிந்தது. உள்பக்கம் கிடைத்த இடைவெளியில் இன்னொருவன் நுழைந்து ஒரு தலை நீளத்தில் ஜெயித்துவிட்டான். குதிரையைப் பழக்கியவர் அவரை ஒரு வார்த்தை ஏசவில்லையாம். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு தொழிலை விடும் வரை அவர் பின்னால் பார்த்ததே இல்லை. சாம்பியன் ஆனதும் அதனால்தான் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு மனுஷனைச் சாம்பியன் ஆக்கிய பழக்கத்தை விடச் சொல்லி மூன்று கிழமையாகக் கத்திக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கொழும்பு பஸ்காரனுக்கு இந்தச் சரித்திரம் எல்லாம் தெரியாதே. அதையும் சொன்னேன். அவர் சிரித்தார். "பின்னாடி வர்றவன் வரட்டும் தம்பி. அவன் என்னைப் பாத்துக்குவான்."

பிலிமத்தலாவையில் நின்றது

என்னிடம் பழகுகிற எல்லாரையும் ஒரு தரம் கொழும்பு றோட்டில் விடுவேன். பஸ் பயம் அங்கேதான் தெளியும், அல்லது அங்கேதான் பிடிக்கும். சந்தனம் ஐயாவைப் பிலிமத்தலாவை வரை கூட்டிப்போனேன். கடைத்தெரு நடுவில், அந்த நெரிசலில், கார் அணைந்துபோனது. திருப்பிப் போட்டார், திரும்பவும் அணைந்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஊரே நின்றது. ஹோன் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் பாட்டுக்கு நிதானமாகச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எதிரே சாமான் கடையிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் கோபமாக இறங்கி வந்தார். ஏச்சு வாங்கத் தயாரானேன். குனிந்து காருக்குள் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "நீங்க ஜொக்கி சந்தனம்தானே?" என்றார். சந்தனம் ஐயா தலையை ஆட்டினார். பெரியவர் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. சின்ன வயதில் தன் வாப்பாவின் தோளில் ஏறி நின்று ரேஸ் பார்த்தாராம், குதிரை போன பிறகு காற்றுத்தான் முகத்தில் அடித்ததாம். ஃபோமில் நான் 'ஓய்வு' என்று எழுதியது அப்போது நினைவுக்கு வந்து என்னைக் குத்தியது.

பஸ் டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினான். கடைக்காரர் ஒரு கையால் சந்தனம் ஐயாவின் கையைப் பிடித்தபடியே மற்றக் கையை உயர்த்தி அவனை அடக்கினார். "கொஞ்சம் பொறுங்க தம்பி. இவரு நிண்டத நான் இண்டைக்கித்தான் காணுற."

முதல் ட்ரயல்

லைசென்ஸ் ட்ரயல் அன்று வெள்ளைச் சேட்டு, வார்ந்த தலை, தோய்த்து மடித்த தலையணை உறை. பரீட்சை எடுக்கிற இன்ஸ்பெக்டர் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். நான் வெளியே வேலி ஓரமாக நின்று நகத்தைக் கடித்தேன். எட்டுப் போட்டார், ரிவர்ஸ் போட்டார், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், ஒன்றிலும் பிழை இல்லை. றோட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அழகாக நிறுத்தினார். நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். இறங்கினார், தலையணையைத் தூக்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போய் விறைப்பாக நின்றார். ரேஸ் முடிந்தால் ஜொக்கி சேணத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் நிற்க வேண்டும், எடை சரி என்றால்தான் முடிவு செல்லும், நிற்காமல் போனால் ஜெயித்ததும் இல்லை என்று ஆகிவிடும். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக நடந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தலையணையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஃபெயில். கண்ணாடியை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஐயா போய்க் காரில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறாரே, அவரிடம் என்ன சொல்வது. நான் இன்ஸ்பெக்டரிடம் போய், வயதான மனுஷன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் ஃபோமை மூடிவிட்டு எனக்குத் தெரிந்த சிங்களத்திலேயே மெதுவாகச் சொன்னார். "இந்த மாத்தயாவுக்குப் பின்னால ஒரு உலகம் இருக்குன்னு யாராவது சொல்லிக் குடுங்க."

பிசியோ பிள்ளை

அடுத்த ட்ரயலுக்கு நாள் கிடைக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வேன்காரர் கம்பளைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். லெட்சுமியம்மா இரண்டு கிழமை கிளினிக் வரவில்லை. மூன்றாவது கிழமை நானே என் எல்போர்ட் காரை எடுத்துக்கொண்டு போய் இருவரையும் ஏற்றி வந்தேன். தொழில் தர்மம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை, அதுதான் காரணம்.

பிசியோ செய்கிறவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்கும். முழங்காலைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. போன மாசம் மடங்கின அளவு இப்போது மடங்கவில்லை. லெட்சுமியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தார். சந்தனம் ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டார், நானும் ஒரு மகன் என்று நினைத்துவிட்டார் போல. "ஐயா, இனி ஒரு நாளும் தவற விடக் கூடாது. இன்னும் ரெண்டு கிழமை இப்பிடி விட்டியள் எண்டால், பிறகு அம்மா வாழ்நாள் முழுக்க இந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் திரிய வேணும், சொல்லிப்போட்டன்."

பின் சீட்

அன்றைக்குத் திரும்பும்போது ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தேன். எப்படியும் பழகத்தானே வேண்டும். லெட்சுமியம்மா பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மடவளைப் பக்கம் போகிற றோட்டில் அப்போது குழாய் போட வெட்டிய பள்ளங்கள். ஐயா ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. "லெச்சுமி, வலிக்குதா?" என்றார். "இல்ல, இல்ல, நீங்க ஓட்டுங்க" என்று பதில் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேர் மேலும்தான். "ஐயா, அவங்க வாய் பொய் சொல்லும். கண்ணாடியைப் பாருங்க" என்றேன். பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். கார் தானாக வேகம் குறைந்தது. அடுத்த பள்ளத்துக்கு முன்னால் பார்த்தார், இறக்கிய பிறகு பார்த்தார், வளைவில் பார்த்தார். அந்த முகம் சுருங்காமல் ஒரு பள்ளத்தைத் தாண்டுவது எப்படி என்று பழகிக்கொண்டே போனார். பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிக்கூட வழிவிட்டார், அது கண்ணாடியில் தெரிந்ததால். மூன்று மாசம் நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது மூன்று மைலில் நடந்தது.

வத்தேகமயில் வீட்டு வாசலில் கார் நின்றது. லெட்சுமியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கல்யாணம் கட்டி நாப்பத்தி மூணு வருஷம் தம்பி. இந்த மனுசன் என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்தது இன்னைக்குத்தான்."

இரண்டாவது ட்ரயல்

ட்ரயலுக்குப் பின் சீட்டில் ஆளை ஏற்ற முடியாது. முதல்நாள் முழுக்க எனக்கு அதுதான் கவலை. அம்மாவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தில் சொல்லவில்லை. அதே இன்ஸ்பெக்டர். கார் போனது, வந்தது. ஐயா இறங்கினார். இந்தத் தடவையும் தலையணையோடு மேசைக்குப் போய் விறைப்பாக நின்றார். நான் தடுக்கவில்லை, நிற்கட்டும்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். பாஸ். என்னைக் கூப்பிட்டு, எப்படிப் பழக்கினாய் என்று கேட்டார். நான் பெருமையாக வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "பின் சீட்டுல யாருமே இல்ல. ஆனா யாரோ படுத்திருக்கிற மாதிரியே ஓட்டினாரு."

வத்தேகம றோட்டில் ஊர்வலம்

அதற்குப் பிறகு ஒரு நாளும் கிளினிக் தவறவில்லை. மழை, ஹர்த்தால், பெரஹெரா திருவிழா நெரிசல் எதுவும் அவரை நிறுத்தவில்லை. பத்து மாசத்தில் லெட்சுமியம்மாவின் கால் மடங்கியது, நீண்டது, படி ஏறியது. பிசியோ பிள்ளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்தும் வேண்டாம், காரும் வேண்டாம், தினமும் காலையில் அரை மணித்தியாலம் நடந்தால் போதும் என்றாராம். இதை ஐயா எனக்குப் போனில் சொன்னபோது குரலில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் திகைப்பும் இருந்தது. கார் இனி எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

போன மாசம் புதிதாகப் பழக வந்த ஒரு டீச்சரோடு வத்தேகம றோட்டில் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வாகனம் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒவ்வொன்றாக விலகி முந்திப் போய்ப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தனம் ஐயாவின் கார், இரண்டு பக்கமும் சிக்னல் மினுக்கிக்கொண்டு. அதற்கு முன்னால் றோட்டு ஓரமாக, கையில் தடிகூட இல்லாமல், ரப்பர் செருப்போடு லெட்சுமியம்மா நடந்து போகிறார். அவர் நின்றால் கார் நிற்கிறது. அவர் நடந்தால் கார் நகர்கிறது. ஒரு காலத்தில் யாரையும் தனக்கு முன்னால் போக விடாத மனுஷன், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் குதிகாலையே பார்த்தபடி பின்னால் வருகிறார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நான் டீச்சரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "என்னம்மா இது, கொஞ்சம் ஓரமா விட்டு முந்திப் போகச் சொல்லுங்களேன், பின்னால ஊரே நிக்குது" என்றேன். லெட்சுமியம்மா நின்று மூச்சு வாங்கினார். கார் நின்றது. "நான் என்ன வேணாமுன்னா சொன்னேன் தம்பி? முந்திப் போங்க, முந்திப் போங்கன்னு தினமும் கெஞ்சுறேன். மாட்டேங்குறாரு."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் பழகியவர்களில் உண்மையான சாம்பியன் ஒருவர்தான் என்று நான் மார்தட்டிக்கொள்கிறேன், அவரும் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டேன் என்கிறார்.